ஃபோர்செப்ஸ் தெரிந்தவரே முந்துகிறார்: கோவை ஆபரேஷன் தியேட்டர்களில் வளர 10 வழிகள்

கோவையில் மருத்துவமனைகளுக்குப் பஞ்சமில்லை. திருச்சி ரோட்டில் அரசு மருத்துவமனை, பீளமேட்டில் பி.எஸ்.ஜி., அவிநாசி ரோட்டில் கே.எம்.சி.எச்., பாப்பநாயக்கன்பாளையத்தில் ஜி.கே.என்.எம்., மேட்டுப்பாளையம் ரோட்டில் கங்கா. பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம், கோபி, சத்தியமங்கலம் பக்கமிருந்து பெரிய சிகிச்சை என்றால் இங்கேதான் வண்டி திரும்பும். அதே ஊர்களிலிருந்து ஓ.டி. டெக்னீஷியன், அனஸ்தீசியா டெக்னீஷியன், ஸ்டாஃப் நர்ஸ், பயோமெடிக்கல் இன்ஜினீயர் என்று ஒவ்வொரு வருடமும் புது பேட்ச் வேலை தேடி இறங்குகிறது. எல்லோர் கையிலும் ஒரே சர்ட்டிஃபிகேட். எல்லோர் ரெஸ்யூமேயிலும் 'ஹார்ட் வொர்க்கிங், டீம் பிளேயர்'.

இந்தக் கூட்டத்தில் இன்சார்ஜ் யாருக்காக வாய் திறப்பார்? பத்து பேருக்கும் தெரிந்ததை நீங்களும் தெரிந்துவைத்திருந்தால் பதினோராவது ஆள் ஆவீர்கள், அவ்வளவுதான். பத்து பேரும் ஒதுங்கி நிற்கும் ஒரு வேலையில் நீங்கள் தைரியமாக முன்னால் நிற்க வேண்டும். அப்படிப்பட்ட வேலை ஒன்று எல்லா தியேட்டரிலும் இருக்கிறது: கைக்குழந்தையின் ஏர்வே. குழந்தை கேஸ் என்றாலே பல ஜூனியர்களுக்குக் கை நடுங்கும். அந்த மேஜையில் சரியான ஃபோர்செப்ஸை, சரியான சைஸில், டாக்டர் கேட்பதற்கு முன்பே எடுத்து வைப்பவர் யாரென்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். இது கைராசி இல்லை. பழகினால் வரும். எப்படி என்று பார்ப்போம்.

1. முதலில் கணக்கு

ஏன் இவ்வளவு பயம் என்பதை எண்ணிலேயே புரிந்துகொள்ளுங்கள். ஒரு கைக்குழந்தையின் மூச்சுக்குழாய் விட்டம் 4 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். உள்சுவர் சுற்றிலும் 1 மி.மீ. வீங்கினால் விட்டம் 2 மி.மீ. ஆகிவிடும். காற்று போகும் பரப்பு நான்கில் ஒரு பங்காகச் சுருங்கும். சீரான சுவாசத்திலேயே தடை 16 மடங்கு கூடும். அதே 1 மி.மீ. வீக்கம் பெரியவருக்கு வந்தால் குரல் கம்மும், சமாளித்துவிடுவார்.

அதோடு குழந்தையின் நாக்கு வாய் அளவுக்குப் பெரியது. குரல்வளை மேலே இருக்கிறது. எபிகிளாட்டிஸ் நீளமாக, தொளதொளவென்று இருக்கும். கையிருப்பு ஆக்சிஜன் மிகக் குறைவு. அதனால் ஒவ்வொரு முறை உபகரணம் உள்ளே போவதும் ஒரு செலவு. உரசினால் வீக்கம், தாமதித்தால் நீலம். ஒரே முயற்சியில் முடிய வேண்டும் என்று டாக்டர் பரபரப்பது இதனால்தான். அந்த ஒரே முயற்சிக்குத் தேவையானதைத் தயாராக வைப்பது உங்கள் வேலை.

2. ஃபோர்செப்ஸ் குடும்பத்தைத் தனித்தனியாகப் பழகுங்கள்

'ஃபோர்செப்ஸ் கொடுங்க' என்றால் எது என்று யோசிக்கும் ஆள் ஜூனியராகவே இருப்பார்.

மெகில்ஸ் ஃபோர்செப்ஸ் முதலில். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்கு இங்கிலாந்தின் சிட்கப் மருத்துவமனையில் ஹெரால்ட் கில்லீஸ் பிளாஸ்டிக் சர்ஜரி செய்தார். முகத்திலேயே ஆபரேஷன் நடக்கும்போது மயக்க மருந்தை எந்த வழியாகக் கொடுப்பது? அங்கிருந்த அனஸ்தெட்டிஸ்ட் ஐவன் மெகில் ட்யூபை மூச்சுக்குழாய்க்குள் செலுத்தும் வழிகளை வளர்த்தார்; அதற்கான ஃபோர்செப்ஸை 1920-ல் அறிமுகப்படுத்தினார். பிடி கோணமாக வளைந்திருப்பதற்குக் காரணம் உண்டு: பிடித்த கை பார்வையை மறைக்கக் கூடாது. நூறு வருடம் கடந்தும் அந்த வடிவம் அப்படியே நிற்கிறது.

மூக்கு வழி இன்ட்யூபேஷனில் ட்யூபின் நுனியைத் திருப்பிவிட, தொண்டையில் பேக் வைக்க, எடுக்க, குரல்நாணுக்கு மேலே கண்ணுக்குத் தெரியும் பொருளை எடுக்க இது போதும். பெரியவர், சிறுவர், கைக்குழந்தை என்று தனித்தனி சைஸ் உண்டு. பெரியவர் சைஸைக் குழந்தை வாயில் விட்டால் வாய் முழுக்க ஸ்டீல்தான் தெரியும், தொண்டை தெரியாது.

குரல்நாணுக்குக் கீழே போன பொருளுக்கு மெகில்ஸ் உதவாது. அங்கே ரிஜிட் பிராங்கோஸ்கோப்பும் ஆப்டிகல் ஃபோர்செப்ஸும் வேண்டும். இதில் டெலஸ்கோப் ஃபோர்செப்ஸோடு சேர்ந்தே உள்ளே போகும். பிடிக்கும் வாய் கண் முன்னாலேயே திறந்து மூடும். பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஹெரால்ட் ஹாப்கின்ஸ் கண்டுபிடித்த ராட்-லென்ஸ் அமைப்பை 1960-களில் ஜெர்மனியின் டுட்லிங்கன் நகரத்து கார்ல் ஸ்டார்ஸ் கையில் எடுத்த பிறகே இவ்வளவு மெல்லிய குழாய்க்குள் இத்தனை தெளிவான படம் கிடைத்தது.

3. கையில் கொடுப்பது ஒரு ஸ்கில்

இன்ட்யூபேஷன் நேரத்தில் டாக்டரின் இடது கையில் லாரிங்கோஸ்கோப். கண் குரல்நாணில். வலது கை மட்டும் உங்கள் பக்கம் நீளும். அவர் திரும்பிப் பார்த்து வாங்க நேர்ந்தால் நீங்கள் தோற்றுவிட்டீர்கள். அவர் கண்ணை எடுத்த நொடியில் காட்சி போய்விடும்.

ஆகவே வலது பக்கம் நில்லுங்கள். ஃபோர்செப்ஸின் நுனி குழந்தையின் வாயைப் பார்க்க, பிடி டாக்டரின் உள்ளங்கையில் அழுத்தமாகப் பதிய வேண்டும். விரல் வளையத்துக்குள் நுழைந்ததை உணர்ந்த பிறகே கையை எடுங்கள். மூக்கு வழி ட்யூப் என்றால் வெளியிலிருந்து ட்யூபைத் தள்ளும் பொறுப்பு பெரும்பாலும் உங்களுக்கே வரும். 'தள்ளுங்க' என்ற சொல் வந்த பிறகு, மெதுவாக. கஃப் உள்ள ட்யூப் என்றால் ஃபோர்செப்ஸின் பல் கஃப்பில் பட்டுக் கிழியலாம். அதே சைஸில் இன்னொரு ட்யூப் பிரித்துக் கொடுக்கும் தயார்நிலையில் இருக்கட்டும்.

கேட்ட சைஸைத் திருப்பிச் சொல்லுங்கள். 'மூணரை' என்றால் 'மூணரை ட்யூப், சார்' என்று சத்தமாகச் சொல்லிக் கொடுங்கள். இரண்டு நொடி ஆகும். தவறான சைஸ் போவதை அந்த இரண்டு நொடி தடுக்கும். கூடவே, நிதானமான ஆள் என்ற பெயரும் உங்களுக்குச் சேரும்.

4. கடலைக்காய் கேஸுக்குத் தனியாகத் தயாராகுங்கள்

கொங்கு வீடுகளில் வறுத்த கடலைக்காய் இல்லாத நாள் குறைவு. தேங்காய்த் துண்டு, புளியங்கொட்டை, சீத்தாப்பழக் கொட்டை எல்லாம் தரையில் கிடக்கும். திருப்பூர்ப் பக்கம் பட்டனும் பாசியும் சேர்ந்துகொள்ளும். தவழத் தொடங்கிய குழந்தை முதல் மூன்று வயதுக் குழந்தை வரை கையில் கிடைத்தது வாய்க்குப் போகும். கடைவாய்ப் பல் முழுதாக வராததால் கடலையை அரைக்கத் தெரியாது. சிரித்தாலோ அழுதாலோ உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இதில் தெரிந்திருக்க வேண்டியவை நான்கு. ஒன்று, கடலை எக்ஸ்ரேயில் நேரடியாகத் தெரியாது. நார்மல் எக்ஸ்ரே வந்தால் ஒன்றுமில்லை என்று பெற்றோரிடம் நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். இரண்டு, ஈரத்தில் கடலை ஊறிப் பருக்கும், பொடியும். அழுத்திப் பிடித்தால் நொறுங்கித் துண்டுகள் இரண்டு பக்க நுரையீரலுக்கும் போகும். அதனால் கடலைக்கென்றே கிண்ணம் போன்ற, நடுவில் துளையுள்ள வாய் கொண்ட ஃபோர்செப்ஸ் இருக்கிறது. மூன்று, சேஃப்டி பின் போன்ற கெட்டியான பொருளுக்கு முதலை வாய் போலப் பல் வைத்த அலிகேட்டர் ஃபோர்செப்ஸ். நான்கு, வழுக்கும் பாசிமணிக்கு எந்த ஃபோர்செப்ஸும் பிடி கொடுக்காமல் போகலாம். அப்போது பொருளைத் தாண்டிப் போய் ஊதி இழுக்கும் ஃபோகார்ட்டி பலூன் கதீட்டரைக் கேட்பார்கள். டிராலியில் அது இருக்கிறதா என்று கேஸ் தொடங்கும் முன்பே பாருங்கள்.

குழந்தை எதை விழுங்கியது என்று தெரிந்தால் அம்மாவிடம் அதே மாதிரிப் பொருள் ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள். அமெரிக்காவின் செவாலியர் ஜாக்சன், மூச்சுக்குழாயிலும் உணவுக்குழாயிலும் சிக்கிய பொருட்களை எடுப்பதில் உலகப் பெயர் பெற்றவர். அவர் தொகுப்பில் இருந்த 2,374 பொருட்கள் இன்றும் ஃபிலடெல்ஃபியாவின் மூட்டர் மியூசியத்தில் உள்ளன. சிக்கியதைப் போன்ற இன்னொரு பொருளை வைத்து, எந்த ஃபோர்செப்ஸ் எந்தக் கோணத்தில் பிடிக்கும் என்று முன்கூட்டியே ஒத்திகை பார்ப்பது அவர் வலியுறுத்திய முறை. உங்கள் தியேட்டரிலும் மேஜை மேல் ஒரு கடலையை வைத்துப் பிடித்துப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். 'பண்ணிப் பார்க்கலாமா மேடம்?' என்று முதலில் கேட்பவர் நீங்களாக இருங்கள்.

5. செக்லிஸ்ட் தலையில் வேண்டாம், தாளில் இருக்கட்டும்

கைக்குழந்தை கேஸுக்கு முன் இவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து டிக் செய்யுங்கள்:

அ) மாஸ்க், பேக், ஆக்சிஜன். 
ஆ) மில்லர் நேர் பிளேடு: குறைமாதக் குழந்தைக்கு 0, நிறைமாதக் குழந்தைக்கு 1. பல்பு எரிகிறதா? 
இ) கேட்ட சைஸ் ட்யூப், அதற்கு அரை சைஸ் மேல் ஒன்று, கீழ் ஒன்று. 
ஈ) கைக்குழந்தை சைஸ் மெகில்ஸ். மூடினால் இரண்டு நுனியும் நேராகச் சேர்கிறதா? ஜாயின்ட் இறுகாமல் ஓடுகிறதா? 
உ) சக்‌ஷன் ஆன் செய்து பார்த்தாயிற்றா? 
ஊ) பிராங்கோஸ்கோப்பி என்றால் டெலஸ்கோப்பும் ஃபோர்செப்ஸும் அந்த ஸ்கோப் குழாய்க்குள் முழுதாகப் போய் நுனியைத் தாண்டி வெளியே வருகிறதா? லைட் கேபிள் பொருந்துகிறதா? 
எ) டிரக்கியாஸ்டமி செட் அறைக்குள்ளேயே இருக்கிறதா?

ஊ-வில்தான் பலர் வழுக்குகிறார்கள். நீளம் பொருந்தாத ஃபோர்செப்ஸ் அலமாரியில் அழகாக இருக்கும். குழந்தை மயக்கத்தில் இருக்கும்போதுதான் அது கட்டை என்று தெரியவரும். செட் வந்த அன்றே கோத்துப் பார்த்து, எது எதோடு சேரும் என்று ஒரு அட்டையில் எழுதி டிராலியில் ஒட்டுங்கள். நீங்கள் லீவில் இருந்தாலும் அந்த அட்டை உங்கள் பெயரைச் சொல்லும்.

6. வைத்ததை எண்ணுங்கள்

உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு ஆபரேஷன்களில் ரத்தம் உள்ளே இறங்காமல் தொண்டையில் பேக் வைப்பார்கள். எடுக்க மறந்தால் ட்யூப் வெளியே வந்ததும் குழந்தையின் மூச்சு அடைத்துவிடும். பேக் வைத்தவுடன் போர்டில் நேரத்தோடு எழுதுங்கள். எடுத்ததும் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லி அடியுங்கள். எக்ஸ்ட்யூபேஷனுக்கு முன் 'பேக் எடுத்தாச்சா?' என்று கேட்கத் தயங்காதீர்கள். கேட்டதற்காக ஒரு சீனியர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. குழந்தைக்காகக் கேட்கும் கேள்வியில் பெரியவர் சிறியவர் இல்லை.

7. கழுவும் வேலையைக் கேவலமாக நினைக்காதீர்கள்

உபகரணங்களைக் கழுவி ஸ்டெரிலைஸ் செய்யும் சி.எஸ்.எஸ்.டி. பிரிவில் டியூட்டி போட்டால் பனிஷ்மென்ட் என்று புலம்புகிறவர்கள் உண்டு. உபகரணத்தின் உள்ளும் புறமும் பழக அதைவிட நல்ல இடம் இல்லை. ரத்தமும் சளியும் காய்வதற்குள் கழுவ வேண்டும். உப்புநீரில் ஊறப் போட்டால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் புள்ளி புள்ளியாக அரிப்பு விழும். ஜாயின்ட்டைத் திறந்து வைத்து பிரஷ் போடுங்கள். திறந்தபடியே ஆட்டோகிளேவில் வையுங்கள், அப்போதுதான் ஆவி உள்ளே போகும். 121 டிகிரியில் 15 நிமிடம் என்பது பால பாடம். உங்கள் மெஷினின் சைக்கிள்களையும் இண்டிகேட்டர் டேப்பையும் படிக்கத் தெரிய வேண்டும். ராட்-லென்ஸ் டெலஸ்கோப் வளைந்தால் உள்ளே கண்ணாடி உடைந்துவிடும். ஐபீஸ் பக்கம் பிடித்துத் தூக்குங்கள். ஆட்டோகிளேவில் வைக்கலாம் என்று அதிலேயே குறிப்பு இல்லாவிட்டால் வைக்காதீர்கள்.

8. உங்கள் எல்லையைத் தெரிந்து நில்லுங்கள்

தெரியும் என்பதற்காக ஃபோர்செப்ஸைக் குழந்தை வாயில் நீங்களே விடக் கூடாது. லாரிங்கோஸ்கோப்பில் பார்க்காமல் ஃபோர்செப்ஸை விடுவதும், கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவுவதும் பொருளை இன்னும் கீழே தள்ளும். 2021-ல் வந்த அலைட் மற்றும் ஹெல்த்கேர் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் டெக்னீஷியன் தொழிலுக்கே பதிவு, தகுதி, நடத்தை என்று வரையறை கொண்டுவந்திருக்கிறது. எல்லை மீறிய ஹீரோவை எந்த நிர்வாகமும் காப்பாற்றாது.

9. சின்ன ஊரில் வேலையா? முதல் பத்து நிமிடத்தில் பெயர் எடுங்கள்

காங்கேயத்திலோ கோபியிலோ சின்ன நர்ஸிங் ஹோமில் இருப்பவர் 'எனக்கு எதற்கு பிராங்கோஸ்கோப்பி?' என்று நினைக்க வேண்டாம். குழந்தை முதலில் வருவது உங்களிடம்தான். 1 வயதுக்கு உட்பட்ட குழந்தை மூச்சடைத்து, அழவும் இருமவும் முடியாமல் இருந்தால்: தலை தாழ்வாக இருக்கும்படி முன்கையில் குப்புறக் கிடத்தி முதுகில் 5 தட்டு, பிறகு மல்லாத்தி நெஞ்சில் 5 அழுத்தம், மாறி மாறி. இந்த வயதில் வயிற்றை அழுத்தக் கூடாது. நினைவு தப்பினால் சி.பி.ஆர். தொடங்க வேண்டும். குழந்தை இருமுகிறது, அழுகிறது என்றால் அம்மா மடியிலேயே நிமிர்த்தி உட்காரவிடுங்கள். தலைகீழாகப் பிடித்து உலுக்காதீர்கள்.

கோவைக்கு ரெஃபர் செய்யும் போனில் ஐந்து தகவல் போதும்: எதை விழுங்கியது, எப்போது, கடைசியாகப் பால் குடித்தது எப்போது, எடை, ஆக்சிஜன் அளவு. தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடும் 108-ல் பச்சைக் குழந்தைகளுக்கென்றே தனி ஆம்புலன்ஸ்கள் இருப்பதும் ஞாபகம் இருக்கட்டும். தகவல் தெளிவாக வந்தால் எதிர்முனையில் இருக்கும் டாக்டர் 'யார் பேசுறது?' என்று பெயர் கேட்பார். நாளை அங்கே வேகன்சி வரும்போது அந்தப் பெயர் பேசும்.

இன்ஜினீயர்களுக்கும் ஒரு வார்த்தை. பம்ப்செட்டுக்கும் கிரைண்டருக்கும் காஸ்டிங் போட்ட ஊர் கோவை. லேத் சத்தம் கேட்டே வளர்ந்திருப்பீர்கள். சர்ஜிக்கல் உபகரணத்தில் உலகம் டுட்லிங்கனையும் பாகிஸ்தானின் சியால்கோட்டையும் பார்க்கிறது. இந்தத் துறைக்குள் நுழைய ஐ.எஸ்.ஓ. 13485 தரக் கட்டமைப்பும், 2018 ஜனவரி முதல் அமலில் உள்ள மருத்துவ உபகரண விதிகள் 2017-ம் அத்துப்படியாக வேண்டும். ஏ, பி, சி, டி என்று அபாயத்தின்படி பிரித்திருப்பதைப் படியுங்கள். விளக்கு வெளிச்சம் கண்ணில் அடிக்காத மேட் ஃபினிஷ், பிசிறில்லாத நுனி, துருப்பிடிக்காத ஜாயின்ட்: இந்த மூன்றையும் தியேட்டருக்குள் நின்று பார்த்த இன்ஜினீயருக்கும் டிராயிங்கில் மட்டும் பார்த்தவருக்கும் சம்பளப் பேச்சிலேயே வித்தியாசம் தெரியும்.

10. இன்டர்வியூவில் எண்ணோடு பேசுங்கள்

'3 கிலோ குழந்தைக்கு எந்த ட்யூப்?' என்று கேட்பார்கள். 3.5 என்று உடனே சொல்லுங்கள். 1 கிலோவுக்குக் கீழ் 2.5, 1 முதல் 2 கிலோ 3.0, அதற்கு மேல் 3.5: பச்சைக் குழந்தைக்கு இதுதான் வழக்கம். உதட்டருகே எத்தனை சென்டிமீட்டர்? எடையோடு 6 கூட்டுங்கள். 3 கிலோவுக்கு 9. 'வயதை நாலால் வகுத்து நாலு கூட்டுவேன்' என்று ஒப்பிப்பவர் இங்கே மாட்டிக்கொள்வார். அந்த ஃபார்முலா கைக்குழந்தைக்கு இல்லை, வளர்ந்த பிள்ளைகளுக்கு.

லாக்புக் கொண்டுபோங்கள். தேதி, கேஸ் வகை, குழந்தையின் எடை, ட்யூப், பிளேடு, ஃபோர்செப்ஸ், நீங்கள் செய்த உதவி, கற்றது. நோயாளி பெயர், ஐ.பி. எண் எதுவும் வேண்டாம். ரகசியம் காப்பதும் ஒரு தகுதி. 'குழந்தை கேஸ் நிறைய பார்த்திருக்கேன்' என்று வாயால் சொல்பவரும், பக்கத்தைத் திருப்பிக் காட்டுபவரும் ஒரே சம்பளத்துக்குப் பேரம் பேச முடியாது. பி.எல்.எஸ்., நியோநேட்டல் ரிசசிடேஷன் பயிற்சிச் சான்றுகள் காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரசு வேலை குறி என்றால் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) அறிவிப்புகளை வாரம் ஒரு முறை பாருங்கள்.

அடுத்த 30 நாள்

முதல் வாரம், உங்கள் தியேட்டரில் உள்ள ஏர்வே ஃபோர்செப்ஸ் எல்லாவற்றையும் சைஸோடு பட்டியலிடுங்கள். எது தேய்ந்தது, எது இல்லை என்று எழுதி இன்சார்ஜிடம் கொடுங்கள். இரண்டாவது வாரம், செக்லிஸ்ட்டைத் தாளில் அடித்து சீனியரிடம் திருத்தம் வாங்குங்கள். மூன்றாவது வாரம், மேனிக்கினில் ஃபோர்செப்ஸ் கொடுக்கும் கையைப் பழக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டும் சரியான திசையில் கொடுக்க வர வேண்டும். நான்காவது வாரம், அடுத்த குழந்தை கேஸ் லிஸ்ட்டில் உங்கள் பெயரைப் போடச் சொல்லி நீங்களே கேளுங்கள்.

கேட்காதவருக்குக் குழந்தை கேஸ் வராது. தயாராகாதவர் கேட்கவே கூடாது. தயாராகிவிட்டுக் கேளுங்கள். இந்த வேலையில் உங்கள் முன்னேற்றமும் அந்தக் குழந்தையின் மூச்சும் ஒரே பக்கம்தான் நிற்கின்றன. நீங்கள் எவ்வளவு பேராசையோடு கற்றாலும் அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. தயங்காமல் போட்டி போடுங்கள்.